ஏழாம் நம்பர் குழியில் நான் மூடிய கரி

1

ராயபுரத்து ஜனங்களே, இதை எழுத எனக்கு ஐந்து வருஷமாகத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாள் கிட்டே வரும்போது நீல நிற ஏர்மெயில் தாளை மேஜைமேல் வைப்பேன். தலைப்பில் சிலுவை போடுவேன். பிறகு அந்தத் தாளிலேயே என் தம்பி சவரிக்கு, "இங்கு அனைவரும் சுகம், அங்கு மழை உண்டா" என்று எழுதி ஒட்டிவிடுவேன். சிலுவை போட்ட தாளை வீணாக்கக் கூடாது அல்லவா.

பயத்துக்கு இரண்டு காரணம். நான் அமெரிக்காவில் யூனிவர்சிட்டியில் வேலை பார்க்கிறேன் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறோம். அது பொய்யில்லை. என்ன வேலை என்று மட்டும் சொல்லவில்லை. சவரி அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் "யூனிவர்சிட்டி, அமெரிக்கா" என்று அச்சடித்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு கல்மண்டபத்திலிருந்து ஒருவர் தன் மகனுக்கு சீட்டு வாங்கித்தரச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதினார். நான் எட்டாம் வகுப்போடு துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணப் போனவன். என் மனைவி பிலோமினா நர்ஸ். விசா அவளுடையது. அவள் பெட்டிகளோடு வந்த இன்னொரு பெட்டி நான்.

இரண்டாவது காரணம், நான் செய்த ஒரு தப்பு. ஜெபத்தோடும் நல்ல எண்ணத்தோடும் செய்த தப்பு. அந்த வகைதான் மோசம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பத்துக் கட்டளைகளில் எதன் கீழே சொல்வது என்றே தெரியாது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் செத்தவர்களைத் தோண்டி எடுக்கிறவன்.

2

பதறாதீர்கள். நேற்றுச் செத்தவர்களை அல்ல. ஓஹையோ பக்கம் ஆற்றங்கரையில் மண்மேடுகள் உண்டு. வெள்ளைக்காரர் வருவதற்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே இருந்த ஜனங்கள் தங்கள் மனிதர்களைப் புதைத்து, கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிக் கட்டியவை. அதில் ஒரு மேட்டின்மேல் புது ரோடு வரப்போகிறது என்றார்கள். ரோடு வருமுன் உள்ளே யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்துவிட யூனிவர்சிட்டி ஆட்கள் இறங்கினார்கள். மண் சலிக்க ஆள் தேவைப்பட்டது.

வேலைக்கு ஒரு ஃபாரம். இந்த நாட்டில் ஃபாரம் இல்லாமல் தும்மக்கூட முடியாது. "இதற்கு முன் அகழ்ந்த அனுபவம் உண்டா?" என்று ஒரு கட்டம். என் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினொரு வயது. அவள்தான் எனக்கு இங்கிலீஷ் குமாஸ்தா.

"டாட், இன்னா எழுதட்டும்?" என்றாள். அந்த "இன்னா" ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த ராயபுரம்.

"நைனா கல்லறைய ஒருவாட்டி தோண்டிகிறேன்னு எழுதும்மா."

அவள் அப்படியே எழுதிவிட்டாள். அனுபவம்: சொந்தத் தகப்பனார் கல்லறை, ஒரு தடவை.

புரொபசர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முழுவதும் சொல்" என்றார். ஸ்டெல்லா மொழிபெயர்க்க, அரை மணி நேரம் சொன்னேன்.

3

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். நம் கல்லறையில் இடம் கிடையாது. உயிரோடு இருக்கும்போது ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், செத்த பிறகு மட்டும் தனி அறை எப்படிக் கிடைக்கும்? குடும்பத்துக்கு ஒரு குழி. அடுத்தவர் போகும்போது அதைத் திறந்து, முன்னே போனவரின் எலும்பைப் பொறுக்கித் துணியில் கட்டி, ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் புதியவரை இறக்குவோம்.

அம்மா இறந்தபோது அப்பாவின் குழியைத் திறந்தார்கள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழிவெட்டி மாணிக்கம் இடுப்பளவு மண்ணில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தான். மூத்த மகன் என்பதால் நான் கீழே உட்கார்ந்து பிலோமினாவின் வெள்ளைத் தலையணை உறையில் வாங்கிப் போட்டேன். கீழ்த்தாடையைத் தரும்போது மாணிக்கம் தேய்த்துப் பார்த்தான்.

"அந்தோணி, நைனா பல்லு ஒண்ணுகூட வுழல பாரேன். பல்செட்டா இது?"

"ஒரிஜினல்யா. குடு."

"முன்னாடி பல்லுல இன்னா இது, எலி கடிச்சா மாதிரி பள்ளம் கீது?"

எனக்குத் தெரியும். அப்பா காசிமேட்டில் வலை முடிகிறவர். இரண்டு கையும் வேலையில் இருக்கும், நூலை முன்பல்லில் கடித்து இழுப்பார். நாற்பது வருஷம் இழுத்ததில் பல்லில் நூல் ஓடிய தடம் விழுந்துவிட்டது. அவர் சிரித்தால் நடுவில் சின்னதாக ஒரு வாசல் தெரியும்.

மேலே நின்றுகொண்டிருந்த மேரி அத்தை சத்தம் போட்டாள். "டேய், எங்கண்ணன இன்னாடா ரேஷன் அரிசி மாரி குலுக்கி அடைக்கிறீங்க? மெதுவா போடுங்கடா கஸ்மாலங்களா! அவருக்கு முட்டி வலி கீது!"

செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவருக்கு முட்டி வலி. எல்லாரும் அழுதுகொண்டிருந்த இடத்தில் முதலில் சிரித்தது பங்குச் சாமியார்தான்.

இதை ஸ்டெல்லா சொல்லி முடித்ததும் புரொபசர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை வா" என்றார்.

4

இவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் மாணிக்கம் வேலையை விட்டே ஓடிவிடுவான். தரையில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். மண்ணைக் கொத்துவதில்லை, கொத்துக்கரண்டியால் சுரண்டுகிறார்கள். ஒரு நாள் முழுக்கச் சுரண்டினாலும் நான்கு விரற்கடை இறங்காது. மண் நிறம் மாறினால் வேலை நின்றுவிடும். சேலைக்கடையில் துண்டுத் துணி காட்டுகிற மாதிரி ஒரு புத்தகத்தில் நிறம் நிறமாகக் கட்டங்கள் இருக்கின்றன. அதோடு மண்ணை ஒப்பிட்டுப் பெயர் எழுதுகிறார்கள். எலும்பு தெரிந்தால் மூங்கில் குச்சியும் பெயின்ட் பிரஷ்ஷும்தான். எடுக்க அவசரப்படுவதில்லை. தலை எந்தத் திசை, முழங்கால் மடங்கியிருக்கிறதா, பக்கத்தில் என்ன வைத்தார்கள் என்று எல்லாம் அளந்து, வரைந்து, படம் பிடித்த பிறகுதான் கை வைக்கலாம். "பொருள் பாதிதான் பேசும், அது கிடந்த இடம்தான் மீதியைச் சொல்லும்" என்பார் புரொபசர். கழுத்தில் கிடந்த சிப்பிமணி அந்த ஆற்றில் கிடைக்காது, கடலிலிருந்து கை மாறி வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். பல்லில் சொத்தை அதிகம் என்றால் சோளம் தின்றவர்கள் என்பார்கள்.

நான் சல்லடை. சுரண்டிய மண்ணை ஆட்டி, மீன் முள், மணி, விதை என்று பொறுக்குவேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் பிலோமினா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"யோவ், அங்கியே நில்லு. கைய கழுவினியா?"

"கழுவிட்டேன்டி."

"இன்னொருவாட்டி கழுவு. நான் ஆஸ்பத்திரில உயிரோட கீறவங்கள தொட்டுட்டு வர்றேன், எனக்கே ரெண்டுவாட்டி. நீ யார தொட்டுட்டு வர்றியோ."

அந்த அக்டோபரில் ஏழாம் நம்பர் குழி திறந்தது. குழிக்குப் பொறுப்பு கேரன். புரொபசரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். சிவந்த மூக்கு, கிழிந்த கால்சட்டை, அப்படியொரு பொறுமை. மூன்று வருஷப் படிப்பு அந்த மேட்டின்மேல்தான் நின்றது. மேடு எந்தக் காலத்தது என்று அவள் காட்டியாக வேண்டும். காட்டிவிட்டால் பட்டம், இல்லாவிட்டால் அடுத்த மேடு. ரோடு வரப்போவதால் இந்த மேடு மறுபடி கிடைக்காது.

உள்ளே ஒரு ஆண், முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். கால்மாட்டில் சாம்பல் மண். புதைத்தபோது அங்கே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். கைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் வெட்டு விழுந்த தட்டைக் கற்கள். கேரன் பிரஷ்ஷால் தாடையைத் துடைத்து, முன்பல்லில் ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ நோயா, அலங்காரத்துக்கு அராவியதா என்று அவளும் புரொபசரும் பேசிக்கொண்டார்கள்.

நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இவர் வலைக்காரர். நூலைக் கடித்து இழுப்பார். என் அப்பா பல்லும் இதே பல்" என்றேன். அந்தக் கற்கள்? வலையை அமிழ்த்துகிற குண்டுகள். நம் ஆட்கள் ஈயத்தில் கட்டுவதை அவர்கள் கல்லில் கட்டியிருக்கிறார்கள். புரொபசர் கல்லைக் கையில் எடுத்து நூல் உட்காரும் வெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் எழுதினார். கேரன் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அன்றிலிருந்து குழியில் படுத்திருந்தவர் எனக்கு ஏழாம் நம்பர் அண்ணன்.

அந்த வாரம் ஒருவர் வந்தார். பழுப்பு ஜாக்கெட், நரைத்த பின்னல். கயிற்றுக்கு வெளியே நின்று வெகு நேரம் பார்த்தார். அந்த மண்ணின் பழைய ஜனங்களில் ஒருவர். அவருடைய ஆட்களை எப்போதோ மேற்கே துரத்திவிட்டார்கள், ஒரு நாள் முழுக்கக் காரோட்டி வந்திருக்கிறார். என்னிடம், "நீ எந்த இந்தியன்?" என்றார்.

"மெட்ராஸ்" என்றேன்.

வழி தெரியாமல் வந்த ஒரு கப்பல்காரன் அவர்களுக்கும் நம் பெயரை வைத்துவிட்டுப் போனான். துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் ஆச்சரியமில்லை, மூட்டையில் பெயர் மாறுவது தினமும் நடக்கிறதுதான். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "இவர்களை வெளியே எடுக்கும்போது இவர்களிடம் யாராவது ஏதாவது சொல்கிறீர்களா?"

புரொபசர் தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான். வந்த பெரியவர் போய்விட்டார்.

எனக்கு மேரி அத்தை ஞாபகம் வந்தது. நாமும்தான் குழியைத் திறக்கிறோம். ஆனால் திறக்கிறவன் பெற்ற மகன். முட்டி வலி என்று சண்டை போட ஒரு தங்கை மேலே நிற்கிறாள். ஏழாம் நம்பர் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்?

5

நவம்பர் இரண்டு அந்த வருஷம் சனிக்கிழமை. குழியில் வேலை கிடையாது. பிலோமினாவுக்கு டூட்டி. நான் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பையில் இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம் ஒரு ஜாம் பாட்டிலில், சவரி அனுப்பிய சாம்பிராணி, துளை போட்ட ஒரு கோகோ டப்பா. அந்தச் சாம்பிராணிப் பொட்டலத்தைச் சுங்கத்தில் பிரித்து, முகர்ந்து, மூன்று வாரம் வைத்திருந்து, "உண்ணத் தகாதது" என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். தணலுக்கு சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி சுடுவதற்கு விற்கிற கரி வாங்கினேன்.

"டாட், ப்ளீஸ். யாரானா பாத்தா?"

"கல்லற திருநாளும்மா. நம்ம தாத்தா கல்லறைக்கு இன்னிக்கு சித்தப்பா வெள்ள அடிச்சி பூ போட்டுனு இருப்பாரு. நம்ம இங்க போறோம்."

"ஹி இஸ் நாட் மை தாத்தா."

"பல்லு ஒண்ணுதான்" என்றேன். அவள் கண்ணை உருட்டினாள்.

தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்தேன். சாம்பிராணி போட்டேன். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். மரித்தவர்களுக்கான ஜெபத்தையும் சொன்னேன். ஞானஸ்நானம் பெறாதவருக்குச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. மோட்சத்துச் சம்மனசுகள் விலாசம் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். "அண்ணே, உங்கள எடுக்கப் போறாங்க, ரோடு வருது, கோச்சிக்காதீங்க" என்றும் சொன்னேன். ஸ்டெல்லா பத்தடி தள்ளி நின்று, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் தணலை என்ன செய்வது? கல்லறைத் திருநாளில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாது என்று அப்பா எங்கள் குடும்பக் கல்லறையின் கால்மாட்டில் சின்னக் குழி பறித்துத் தணலைக் கொட்டி மூடிவிடுவார். நம் பக்கம் எல்லாரும் அதைத்தான் செய்வோம். என் கையும் அதையே செய்தது. கால்மாட்டில் அந்தச் சாம்பல் மண்ணிலேயே ஒரு பிடி பறித்து, தணலைப் போட்டு, மண் மூடி, இவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி கொத்துக்கரண்டியால் மட்டமாக இழைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. மறுநாள் பெய்த மழைத் தண்ணீர் தார்ப்பாயின் கீழே கசிந்து மிச்சத் தடத்தையும் அழித்தது.

திங்கட்கிழமை கேரன் "கரி! கரி!" என்று கத்தினாள்.

கரி கிடைத்தால் இவர்களுக்குத் தங்கம் கிடைத்த மாதிரி. மரம் வெட்டப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அதை ஒரு சோதனைக்கூடத்தில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். அவள் கை படாமல் துண்டுகளை எடுத்து வெள்ளிக் காகிதத்தில் மடித்தாள். நான் சல்லடையைப் பிடித்தபடி நின்றேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். திறக்கவில்லை. கேரன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

6

குளிர்காலம் முழுக்க எலும்பு கழுவினேன். மாசி மாதவாக்கில் சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. ஏழாம் நம்பர் அண்ணன் எல்லாரும் நினைத்ததைவிடப் பல ஆயிரம் வருஷம் முந்தியவராம். கேரன் நடனமே ஆடினாள். புரொபசர் தலையைச் சொறிந்தார், அவர் நம்பவில்லை. அவளோ இரண்டு வாரத்தில் இந்தத் துறைக்காரர்கள் கூடுகிற ஒரு பெரிய சபையில் எழுந்து நின்று அதைச் சொல்லப்போகிறேன் என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தபசு காலம் என்பதால் விரதம் என்று பிலோமினா முதலில் நினைத்துக்கொண்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா உன் பேஜாரு? சொல்லு."

சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு சபைல நின்னு உன் சாம்பிராணி கரிய ஆதாம் காலத்து கரின்னு சொல்லப் போவுது. நீ அவளுக்கு சல்லடை பிடிச்சினு நிப்ப. அப்படித்தானே?"

"வேல பூடும்டி."

"பூட்டும். நான் சம்பாரிக்கல?"

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். இங்குள்ள சாமியாருக்கு என் இங்கிலீஷ் பாதி புரிந்தது. நான் யாரையோ கொன்று புதைத்துவிட்டேன் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விளக்கிய பிறகு பெருமூச்சு விட்டு, மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் போ என்றார்.

ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு போனேன். புரொபசர் அறையில் கேரனும் இருந்தாள். நான் வழியெல்லாம் சுற்றி வளைத்து ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன், அப்பா, கல்லறை, வெறுங்கால் பிள்ளைகள் என்று. வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஸ்டெல்லா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "அந்தக் கரி எங்கப்பா போட்டது. அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணினார். நானும் இருந்தேன்."

பத்தடி தள்ளி நின்றவள், "நானும் இருந்தேன்" என்றாள். எனக்கு அது போதும்.

கேரன் முகம் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. எந்தக் கடைக் கரி என்று கேட்டார் புரொபசர். சொன்னேன். அந்தக் கரியில் நிலக்கரித் தூள் கலப்பார்களாம், அது மனிதனே பிறக்காத காலத்து மரமாம். அதனால்தான் அண்ணனுக்கு அவ்வளவு வயது ஏறியது. கேரன் எழுந்து வெளியே போய்விட்டாள். சபையில் பேசுவதை நிறுத்தினாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை, நியாயம்தான். அண்ணனை வெளியே எடுத்தபோது விலா எலும்புக்கு அடியில் கிடைத்த ஒரு சின்னக் கரித்துண்டு அலமாரியில் இருந்தது, அதைச் சோதிக்க அனுப்பினாள், மேட்டின் காலம் அதில் தெரிந்தது. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வாங்கினாள். அந்த ஒரு வருஷம் என் கணக்கில்தான் இருக்கிறது, அது செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழியும்.

புரொபசர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏழாம் நம்பர் குழியின் நோட்டை எடுத்து என் முன்னே வைத்தார். "நீ செய்தது அத்தனையும் எழுது. கூட்டாதே, குறைக்காதே" என்றார்.

"இது எதுக்கு சார், என் முட்டாள்தனம்?"

"அந்த மனிதருக்கு இரண்டு முறை அடக்கம் நடந்திருக்கிறது. ஒன்றை நாங்கள் மண்ணைப் பார்த்து ஊகிக்கிறோம். இன்னொன்றைச் செய்த ஆள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்."

நான் தமிழில் சொல்ல, ஸ்டெல்லா எழுதினாள். மெழுகுவர்த்தி இரண்டு, தலைமாட்டில். வடக்குக் கயிற்றிலிருந்து இவ்வளவு அடி, இவ்வளவு அங்குலம். சாம்பிராணி ஒரு கரண்டி. தீர்த்தம் ஜாம் பாட்டிலில். ஜெபமாலை பத்து மணி. கால்மாட்டில் தணல் மூடிய இடத்துக்கு ஒரு சின்ன வட்டம். சொன்ன வார்த்தை: அண்ணே, கோச்சிக்காதீங்க. இதற்கு இங்கிலீஷ் தேடி ஸ்டெல்லா பென்சிலைக் கடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தமிழ் உச்சரிப்பை அப்படியே எழுதிவிட்டாள்.

பழுப்பு ஜாக்கெட் பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்த நோட்டில் ஒரு வரி பதில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல அவர் விலாசம் யாரிடமும் இல்லை. ஏழாம் நம்பர் அண்ணன் இப்போது அலமாரியில் ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கிறார். அதுவும் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சாவி என்னிடம் இல்லை. நவம்பர் இரண்டில் அந்த அலமாரிக்கு எதிரே நின்று ஜெபம் சொல்கிறேன். கரி இல்லாமல். ஸ்டெல்லா வருகிறாள். இப்போது ஐந்தடி தள்ளி நிற்கிறாள்.

ராயபுரத்து ஜனங்களே, சவரியே, இதைக் கல்யாணப் பத்திரிகை படித்தவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள். நவநாள் கடிதம் மாதிரி ஒன்பது பிரதி எடுக்க வேண்டாம், எடுக்காதவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சொல்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் பக்கத்தை எனக்குத் தெரியும். இந்தக் கதை கல்மண்டபம் தாண்டுவதற்குள் ஏழாம் நம்பர் அண்ணன் எழுந்து உட்கார்ந்திருப்பார், தண்டையார்பேட்டை போவதற்குள் ஞானஸ்நானம் கேட்டிருப்பார், திருவொற்றியூரில் நான் புரொபசர் ஆகியிருப்பேன். வேண்டாம். அவர் குழியில் நான் போட்ட கரியே போதும். உங்கள் பங்குக்கு நீங்களும் ஒரு துண்டு போடாதீர்கள்.